ஒரே லயத்தில் பிறந்தவர்கள்

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்குச் சரித்திரக் கட்டுரையொன்று எழுதித் தரவேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, சரித்திரம் என்றவுடன் எமது மனம் முதலில் நாடியது அரசர்களையும் போர்களையுந்தான். ஊவாவுக்கு அவற்றில் குறைவில்லை. 1818ஆம் ஆண்டின் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி ஒன்றே ஒரு மலரை நிரப்பப் போதுமானது. ஆனால் அதே வாரத்தில் எமது அப்பாயி தமது கட்டிலின் கீழிருந்த தகர டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்து, உள்ளே ஈரம் கசிந்துவிட்டதென்று சொல்லி, அதிலிருந்த கடதாசிகளை வெயிலில் காயப்போடும்படி எம்மிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு நாள் வெயிலில் அவற்றைப் பரப்பிவைத்து, காற்று அடிக்காமல் கல் வைத்துக் காவல் இருந்தபோது, ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினோம். அரசர்களை அப்போதே மறந்துவிட்டோம்.

அப்பெட்டியில் இருந்தவை மூன்று சகோதரர்களின் கடதாசிகள். மூத்தவர் எமது தாத்தா. அடுத்தவரை நடுத் தாத்தா என்றும், கடைசியானவரைச் சின்னத் தாத்தா என்றும் நாம் அழைப்பது வழக்கம். மூவரும் பசறைப் பாதையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரே காம்பராவில் பிறந்தவர்கள். ஒரே பிள்ளைக்காம்பராவில் தூங்கி, ஒரே தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்று, ஒரே மலையில் பெயர் பதிந்தவர்கள். மூத்தவர் பதுளையிலும், நடுவிலவர் நீலகிரியிலும், இளையவர் கிளிநொச்சியிலும் காலமானார்கள். மூவரின் பேரப்பிள்ளைகள் மூன்று விதமான வாழ்க்கை வாழ்கிறார்கள். இந்தப் பிரிவு எங்ஙனம் நேர்ந்தது என்பதே எமது கட்டுரையின் பொருள்.

இக்கேள்வியை நமது சங்கத்துப் பெரியவர்கள் இருவரிடம் கேட்டோம். அவர்கள் ஒரே வாக்கில் “தலையெழுத்து” என்றார்கள். பாதிரிமார் நடத்திய பாடசாலையில் நாம் படித்த காலத்திலோ வேறொரு விடை கற்பிக்கப்பட்டது. விதைக்கிறவன் கையிலிருந்து விழுந்த விதைகளுள் சில வழியருகிலும், சில கற்பாறையிலும், சில முட்களுக்கு நடுவிலும், சில நல்ல நிலத்திலும் விழுந்த உவமையை வேதபாட ஆசிரியர் கரும்பலகையில் படம் வரைந்தே விளக்கியிருந்தார். எமது தோழர்களிடம் கேட்டால் மூன்றாவது விடையொன்று வரும். “முயன்றவன் முன்னேறினான், முயலாதவன் லயத்திலேயே கிடந்தான்” என்பது அது. இம்மூன்றாவது விடையை நாமும் பலகாலம் நம்பியிருந்தோம். பெட்டியிலிருந்த கடதாசிகளைத் திகதி வரிசைப்படி அடுக்கிப் பார்த்த பின்னர் அந்த நம்பிக்கை ஆட்டங் கண்டுவிட்டது.

தொடக்கத்திலிருந்தே சொல்வோம். ஊவாவின் மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்ட காலத்தில், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நமது முன்னோர் வள்ளங்களில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். மற்றவர்களுக்கு மாத்தளையோடு, கண்டியோடு பெரும்பாலான நடை முடிந்தது. பதுளைப் பக்கம் வந்தவர்களுக்கோ அதற்கப்பாலும் மலை ஏறி இறங்க வேண்டியிருந்தது. புகையிரதம் நானுஓயாவுக்கு வந்தது 1885இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு வந்தது 1924இல். 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டும் ஆள் வேண்டும். வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கு வருஷம் முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்து, வந்தவர்கள் தங்கினார்கள். 1876ஆம் ஆண்டின் தாது வருஷப் பஞ்சம் ஊரில் இருந்தவர்களைப் பின்னாலிருந்து தள்ளிற்று என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். லிப்டன் துரை 1890இல் வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கியபோது, அவருக்கு மலையும் கிடைத்தது, மலையில் வேலை செய்யத் தயாராக ஆட்களும் கிடைத்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் நின்றவர்கள் என்று கொள்ளலாகாது. ஆள் கட்டிவந்த கங்காணிக்கு, வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு உண்டு. வந்தவனுக்கோ வழிச் செலவும் அரிசிச் செலவும் கடனாகி, அக்கடன் துண்டு என்னும் சீட்டில் ஏறி, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அவனோடேயே போயிற்று. 1921இல் சட்டத்தினால் அத்துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, ஒரு மனிதனை விலைக்கு வாங்குவதற்கும் அவனது கடனை வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஆயினும் கங்காணியாவதற்குத் தொடக்கத்தில் பெரிய முதல் ஒன்றும் தேவைப்படவில்லை என்பதே வியப்பு. வாய்ச் சாமர்த்தியமும், ஊரிற் சொந்தபந்தமும், ஒரு துரையின் நம்பிக்கையும் போதுமாக இருந்தன. சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களின் தந்தையார் கருப்பையா என்பவர் இளமையில் வறுமையோடு இலங்கைக்கு வந்தவர். கங்காணியாகி, பின்னர் இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். அவரோடு வந்தவர்களுட் பலரின் பேரர்கள் இன்றும் கொழுந்தெடுக்கிறார்கள். இந்த ஓர் உதாரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், முயற்சி வென்றது என்று எழுதி முடித்துவிடலாம்.

ஆனால் கடலுக்கு அப்பாலும் சற்றுப் பார்ப்போமாக. அதே தமிழ்நாட்டிலிருந்து 1896இல் மலாயாவுக்குச் சென்ற வீராசாமி என்பவரும் உழைத்து உயர்ந்து, சுங்கை சிப்புட்டில் றப்பர்த் தோட்டச் சொந்தக்காரரானார். அவருடைய மகன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பிறந்தார். தொண்டமான் 1913இல் பிறந்தவர். இருவரும் தோட்டம் வாங்கிய தந்தையரின் பிள்ளைகள். இருவரும் தொழிலாளர் பக்கம் நின்று தலைமைக்கு வந்தவர்கள். இவ்வளவு ஒற்றுமையுள்ள இருவரை 1955ஆம் ஆண்டில் நிறுத்திப் பாருங்கள். சம்பந்தன் மலாயாவில் தொழில் மந்திரியாக இருக்கிறார். 1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்ற தொண்டமானோ, தமக்கு வாக்களித்த மக்களின் பெயர்கள் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டமையால் பாராளுமன்றத்துக்கு வெளியே நிற்கிறார். 1960இல் நியமன அங்கத்தவராகச் சென்றாரேயன்றி, மக்களின் வாக்கினால் மறுபடி அங்கே செல்ல அவருக்கு 1977வரை காலம் பிடித்தது. 1957இல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது, அதன் பின் அம்மண்ணிற் பிறந்த பிள்ளை பிறப்பினாலேயே பிரசையாயிற்று. 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்தபோது, அவ்வாண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், பிறந்த பிள்ளையின் தந்தை எங்கே பிறந்தார் என்றும், சிலசமயம் பாட்டன் எங்கே பிறந்தார் என்றும் கேட்டது. தோட்டத்துப் பாட்டன்மாருக்கு ஏது பிறப்புச் சாட்சிப்பத்திரம்?

மலாயாவில் பாலும் தேனும் ஓடின என்று நாம் சொல்லவில்லை. அங்கேயும் பிரசையாகப் பதியாத தோட்டத் தொழிலாளர் இருந்தனர். 1969இன் பின் வேலை அனுமதிப் பத்திரம் இல்லாமையால் ஆயிரக்கணக்கில் இந்தியா திரும்பினர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். ஆனால் அதற்கு மாற்றாக 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர் மாதாமாதம் சிறுதொகை கட்டி அதில் பங்குதாரராகி, கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்க முடிந்தது. அதே ஆண்டில் எமது பூட்டனார் மாதாமாதம் காசு சேர்த்தது எதற்கென்றால், கொழும்புக்குப் போய்வரும் வக்கீல் குமாஸ்தாவுக்குக் கொடுப்பதற்கு.

பூட்டனாரின் கதைதான் பெட்டியிலுள்ள முதற் கடதாசி. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் எனப்படுவது, மணமானவராயின் 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் 7 ஆண்டுகளும், மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடைவிடாது வசித்திருக்க வேண்டுமென விதித்தது. ஒரே முறையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருந்தால் இடைவிடாத வாசம் முறிந்துபோகும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம். 1951 ஆகஸ்டோடு கதவு அடைக்கப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. குடும்பத்தினரையும் சேர்த்தால் 8 லட்சத்துக்கு மேற்பட்டோர். பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே.

பூட்டனார் விண்ணப்பித்தார். அவர் 1941இல், தம் தந்தையார் படுக்கையாகிவிட்டார் என்ற கடிதம் கண்டு ஊருக்குப் போயிருந்தார். தந்தையார் உடனே இறக்கவில்லை; மகன் முகம் கண்ட தெம்பிலோ என்னவோ எட்டு மாதம் இருந்தார். கருமாதி முடித்துத் திரும்ப எண்ணியபோது, தொழிலாளர் இலங்கைக்குப் போவதை 1939 ஆகஸ்டிலிருந்து இந்திய அரசாங்கம் தடைசெய்திருந்த காரணத்தால் வழி அடைபட்டிருந்தது. தடை தளர்ந்து அவர் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது 14 மாதங்கள் கழிந்திருந்தன. இரண்டு மாதம் அதிகம். விண்ணப்பம் தள்ளப்பட்டது. அடுத்த காம்பராவிலிருந்தவர், தம் தாயார் இறந்த செய்தி வந்தபோது கப்பல் காசு இல்லாமையால் போகாமலே இருந்தவர். பல வருஷம் அதைச் சொல்லி அழுதவராம். அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. மகன் கடமையைச் செய்தவன் வாக்குரிமை இழந்தான், செய்ய முடியாதவன் பெற்றான். அடுத்தடுத்த காம்பராக்களின் நடுவே ஒரு தகரத் தடுப்புத்தான் இருந்தது. 1951க்குப் பின் அத்தடுப்பின் இருபுறமும் வெவ்வேறு எதிர்காலம் வளர்ந்தது. அந்த அயலவரின் மக்கள் பிற்காலத்தில் பதுளை நகரில் காணி வாங்கினர் என்பதையும், அவர்கள் பூட்டனாரின் பிள்ளைகளைவிட எவ்விதத்திலும் கெட்டிக்காரராக இருந்ததில்லை என்பதையும் அப்பாயி சற்று அழுத்தமாகவே சொல்வார்கள். அப்பாயியின் சொல்லில் சிறிது பொறாமையும் இருக்கலாம்.

இவற்றையெல்லாம் நமது மக்கள் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்று எண்ணுவது பிழை. பதுளைக்கு அருகிலே வேவஸ்ஸ தோட்டத்தில் 1940இல் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து, தாங்கள் தெரிந்தெடுத்த சபையோடு பேசும்படி துரையை இணங்க வைத்தனர். 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியது. ஆனால் வாக்கு இல்லாதவனின் கோபம் எந்த மந்திரியின் தூக்கத்தையும் கெடுத்ததாகத் தெரியவில்லை.

நிற்க. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கெடுத்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று இரு அரசாங்கங்களும் உடன்பட்டன. 1974இல் அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை யாரும் முதலிற் கேட்கவில்லை. பின்னர் விண்ணப்பம் கோரப்பட்டபோது, இலங்கையைக் கேட்டவர்கள் ஒப்பந்தத்தில் அதற்கென ஒதுக்கப்பட்ட தொகையைப்போல் இருமடங்குக்கு மேல். இந்தியாவைக் கேட்டவர்கள் ஒதுக்கிய தொகைக்குக் குறைவு. மக்களின் மனம் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மூன்று சகோதரர்களும் இப்போது வயது வந்தவர்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே கையொப்பமிட வேண்டும். தாத்தாவும் சின்னத் தாத்தாவும் இலங்கையைக் கேட்டனர். தோட்டக் கிளாக்கர் ஐயா ஒருவரே, ஒரே நாள் மாலையில், ஒரே பேனையால் இருவரின் படிவங்களையும் நிரப்பினார். தாத்தாவுக்குக் கிடைத்தது. சின்னத் தாத்தாவின் பெயர் பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும், தோட்டச் செக்றோலில் வேறு விதமாகவும் இருந்தமையால் அவருடையது தொங்கிற்று. பிறந்தபோது எழுதியவர் ஒருவர், பேர் பதிந்தபோது எழுதியவர் இன்னொருவர், அவ்வளவே. நடுத் தாத்தா இந்தியாவைக் கேட்டார். அது தேசாபிமானத்தால் நேர்ந்ததன்று. அவருடைய மாமனார் மாமியார் இந்தியாவுக்கு எழுதிவிட்டனர். அவர்களுக்கு ஒரே மகள். அம்மகள் தாயைப் பிரிய மாட்டேனென்று சோறு உண்ணாதிருந்தாள்.

1973ஆம் 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை அனுபவித்த பெரியவர்கள் நமது சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அரிசியும் மாவும் இல்லை, தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்தன. பட்டினியால் லயங்களிற் பிணம் விழுந்தது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறிய காலமும் அதுவே. போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றவர்களைப் பசி தள்ளிவிட்டது. நடுத் தாத்தாவின் குடும்பம் பதுளைப் புகையிரத நிலையத்திற் கோச்சி ஏறியது அக்காலத்திலேதான். அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஏறுகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். அடுத்தடுத்த நிலையங்களில் இன்னும் பலர் ஏறி அழுவார்கள். தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கீழிருந்து மேலே வருமல்லவா, அங்கே யன்னலால் எட்டிப் பார்த்து இன்னொருமுறை அழுதார்களாம்.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம்; அங்கிருந்து மண்டபம் முகாம். இவ்விடத்திற் சற்று நிற்க வேண்டும். இலங்கைக்கு ஆள் ஏற்றிய காலத்தில், நோய் உண்டா என்று சோதிப்பதற்காகத் தொழிலாளரை நிறுத்திவைத்த இடமும் இந்த மண்டபம் முகாமே. பூட்டனார் வாலிபராக அங்கேதான் சில நாள் நின்று இலங்கைக்கு வந்தார்; அவருடைய மகன் மனைவி மக்களோடு அங்கேயே வந்து நின்று இந்தியாவுக்குள் நுழைந்தார். ஒரு கொட்டகையின் இரண்டு வாசல்கள்.

நடுத் தாத்தாவுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. திரும்பி வருவோருக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது; பிற்காலத்தில் டான்டீ எனப் பெயர்பெற்ற தேயிலைத் தோட்டக் கழகம் அதுவே. கூடலூர்ப் பக்கம் சேரம்பாடியில் அவருக்குத் தெரிந்த வேலை கிடைத்தது. கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு மறுபடி கவ்வாத்துக் கத்தி. வேறு பலருக்கு அதுவுமில்லை. சிறுவியாபாரக் கடன் என்று கொஞ்சம் பணம் கொடுத்து, வியாபாரமே அறியாதவர்களைத் திருச்சியிலும் மதுரையிலும் இறக்கிவிட்டார்கள். பணம் சில மாதத்தில் கரைந்தது. கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரிக்கப்போய்க் கொத்தடிமைகளானவர்களும் உண்டு. ஆகவே இந்தியா சென்றவர்களுக்குள்ளேயும் ஒரே கப்பலில் இறங்கியவர்கள் பல வழி போயினர். இங்கே இருந்தபோது “இந்தியாக்காரர்” என்று அழைக்கப்பட்டவர்கள், அங்கே போனவுடன் “சிலோன்காரர்” ஆனார்கள். ஐம்பது வருஷத்துக்குப் பின்னும் அந்தப் பெயர் உதிரவில்லை. ஆனால் நடுத் தாத்தா தாம் சாகும்வரை ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களித்தார். அவருடைய பேத்தி ஒருத்தி கோயம்புத்தூரில் தாதியாக இருக்கிறாள். பேரன் திருப்பூரில் பனியன் கம்பனியில். 2022இல் தேயிலை நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அங்குள்ள அரசாங்கம் தீர்மானித்தபோது, குடியிருக்கும் வீடு யாருக்கு என்ற பழைய கேள்வி அவர்களின் வாசலிலும் வந்து நின்றது.

சின்னத் தாத்தாவின் வழியே எழுதக் கடினமானது. நாடற்றவராகவே இருந்தார். 1977 ஆகஸ்டுக் கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது, இன்னும் பல குடும்பங்களோடு வடக்கே போய், கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடிசை போட்டார். தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய இடங்களில் மலையகத்தார் பெருந்தொகையாகக் குடியேறிய வரலாறு அது. முதல் சில வருஷங்கள் அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால், மூவருள்ளும் அவரே பாக்கியசாலி என்று சொல்லத் தோன்றும். சொந்தமாகக் கிணறு வெட்டியதைப்பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். பெரட்டுக்குப் போகத் தேவையில்லை, தப்புச் சத்தத்துக்கு எழும்பத் தேவையில்லை, மிளகாய்க்கன்று நமது, என்றெல்லாம் வருகிறது. அதன்பின் போர். 1988இல் எஞ்சியிருந்த நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் நிறைவேறி, அவருக்கும் உரிமை உண்டாயிற்று. அந்தக் கடதாசி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த நேரம் அவர் எந்த மரத்தடியில் இருந்தார் என்று வீட்டில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. எத்தனை தடவை இடம்பெயர்ந்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. 2009இல் செட்டிகுளம் முகாமிலிருந்து அவர் வெளியே வந்தபோது நான்கு பிள்ளைகளில் இருவர் மீந்திருந்தனர். இதற்குமேல் எழுத எமக்கு உரிமையில்லை என்று எண்ணுகிறோம்.

இனித் தாத்தாவின் வழி. பிரஜாவுரிமைப் பத்திரம் கையிலிருந்தமையால், தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபின் நமது இளைஞர்களுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த காலத்தில், எமது தந்தையார் விண்ணப்பிக்க முடிந்தது. பிரசையல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை என்பது எல்லோரும் அறிந்ததே. ஆசிரியரின் பிள்ளையாகையால் நாம் நகரத்துப் பாடசாலைக்குப் போனோம், அங்கிருந்து பல்கலைக்கழகம். 1983 ஜூலையில் பதுளை நகர் எரிந்தபோது தாத்தா குடும்பத்துக்கும் இழப்பு இருந்தது. ஓடியொளிந்து திரும்பி வந்தார்கள். ஆனால் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தது.

ஒரு குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தந்தையார் ஆசிரியரான பின்னும் பல வருஷம் நாம் குடியிருந்தது தோட்டத்திலேதான். நகரத்துப் பாடசாலையில் நண்பர்களோடு பஸ்ஸில் வரும்போது, தோட்டத்துச் சந்தியில் இறங்காமல் அதற்கு முந்திய கடைவீதியில் இறங்கி, அவர்கள் கண்ணுக்கு மறைந்தபின் நடந்து போவது எமது வழக்கம். லயத்தில் இருப்பவர்கள் முயற்சியில்லாதவர்கள் என்ற எண்ணம் எமக்குள்ளேயே ஊறியிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் மூடுண்டபோது எமக்குச் சிறு வயது. “ஏன் அவர்கள் வேறிடம் போகவில்லை?” என்று தந்தையாரிடம் கேட்டோம். அவர் அன்று பதில் சொல்லவில்லை.

இந்தப் பெட்டியைக் காட்டி நமது சங்கத்துப் பெரியவர் ஒருவரோடு மறுபடி பேசினோம். அவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, பதினான்கு மாதம் ஆனதும் தலையெழுத்துத்தானே, பேரில் ஓர் எழுத்து மாறினதும் தலையெழுத்துத்தானே?” என்றார். பெரியவரை எதிர்த்துப் பேச எமக்குத் துணிவில்லை. ஆயினும் பன்னிரண்டு மாதம் என்ற எண்ணைப் பிரமன் எழுதவில்லை. அது பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டு, வாக்கெடுக்கப்பட்டு, வர்த்தமானியில் அச்சான எண். நிலம் நல்லதா கல்லா என்பதும் இயற்கையாக அமைந்ததன்று. விதை விழுந்தபின் எல்லை போட்டு, இது வயல், இது வழி என்று பெயர் வைத்தார்கள். 2003இல், 35ஆம் இலக்கச் சட்டம் வந்து எஞ்சியிருந்தவர்களையும் பிரசைகளாக ஏற்றபோது, அரை நூற்றாண்டு காலம் முடியாதென்று சொல்லப்பட்ட ஒன்று ஒரே பிற்பகலில் முடிந்தது. தலையெழுத்தாயின் அவ்வளவு இலேசாக அழியுமா என்று கேட்டோம். பெரியவர் தேநீர் குடித்துவிட்டு, “எழுது, எழுது, அச்சில் வரட்டும் பார்ப்போம்” என்றார்.

முயற்சி ஒன்றுமேயில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தந்தையார் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தது பொய்யாகாது. ஆனால் சின்னத் தாத்தாவின் மூத்த மகனும் அதே விளக்கில் படித்தவன்தான்; கணக்கில் தம்மைவிடக் கெட்டிக்காரன் என்று தந்தையாரே சொல்வார்.

கடதாசிகள் காய்ந்தபின் அவற்றைப் படம் பிடித்து, சேரம்பாடியிலுள்ள உறவினருக்கும் கிளிநொச்சியிலுள்ள சித்தப்பாவுக்கும் கைப்பேசியில் அனுப்பினோம். சித்தப்பா பலநேரம் கழித்து, தமது தந்தையாரின் பெயர் எந்த எழுத்தில் பிழைத்தது என்று மட்டும் கேட்டார், சொன்னோம். சேரம்பாடியிலிருந்து நடுத் தாத்தாவின் மூத்த மகள் பேசினார். கோச்சி ஏறியபோது அவருக்கு ஒன்பது வயது. லயத்துக்குப் பின்னால் ஒரு பலாமரம் நின்றதே, அது இருக்கிறதா என்று கேட்டார். எமக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சந்தியிலேயே இறங்கி நடந்து போனோம். பழைய லயத்தில் நான்கு காம்பராக்களில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நமது காம்பராவில் கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய் இருந்தார். மரம் நிற்கிறது. படம் பிடித்து அனுப்பியவுடன் பதில் வந்தது: “இவ்வளவு பெரிசாயிட்டுதா? அப்பா ஏணியில்லாமலே காய் பறிப்பாரே.”